நான்கு நொடியில் போய்விடுகிறவர்கள்

ஜூன் 9, திங்கள்

ஜன்னலோரக் கணினி ஷெரினுக்குப் போய்விட்டது.

எங்கள் ஆபீஸில் வெப்சைட் டிசைன் செய்த மதன் அண்ணன் பெங்களூருக்குப் போனதிலிருந்து இரண்டு மாதமாக அந்த மேசையைத் தினமும் துடைத்தது நான். முதலாளி கிருபாகரன் சார் கவனிக்கட்டும் என்றுதான் துடைத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே கொடுப்பார் என்று நினைத்தேன்.

காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். தோள் வரை வெட்டிய முடி, கையில் ஒரு பெரிய டப்பா நிறைய நெய் பிஸ்கட். "நம்ம புது டிசைனர். மூணு மாசம் பார்ப்போம்" என்றார் சார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இது பவதாரணி. ஒன்றரை வருசமா இருக்குது. டைப்பிங், வாட்ஸ்அப் எல்லாம் பவா பாத்துக்கும்" என்றார்.

டைப்பிங். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவளை, எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியை, ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பிஸ்கட் ஒன்று எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

ரேஷனில் பருப்பு இன்னும் வரவில்லை. ஷெரின் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். சாரிடம்கூட.

ஜூன் 13, வெள்ளி

சார் சுவரில் ஒரு அட்டை மாட்டினார். ஏதோ பயிற்சி வகுப்பில் கொடுத்தார்களாம். நடுவில் கோடு. இடப்பக்கம் ‘ஆண்கள்’: நீலம், கறுப்பு, நேர்கோடு, கூர்மூலை, எண்கள், வேகம். வலப்பக்கம் ‘பெண்கள்’: ரோஜா, இளஊதா, வளைவு, பூ, சிரிக்கும் முகம், கதை.

"ஒரு கடைக்கு சைட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. யார் வர்றாங்களோ அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கோணும். அவ்வளவுதான் சூட்சுமம்."

"எனக்கு ரோஸ் பிடிக்காது சார்" என்றாள் ஷெரின். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். எனக்கும் பிடிக்காது. நான் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், காது கேட்காமல் "என்ன பவா?" என்றிருப்பார்கள்.

அட்டையில் உள்ளது எப்போதும் சரியல்ல என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் லாரிக்காரரின் சைட் கறுப்பும் நீலமுமாகப் பளபளக்கிறது. ஆனால் அவருக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை. தொட்டி காலியானால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தானே. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

ஜூன் 18, புதன்

செல்வநாயகி அக்கா வந்தார். பாலூட்டும் தாய்மாருக்கான நைட்டி தைக்கிறார். சூரம்பட்டியில் ஒரு ஷெட், ஐந்து மெஷின், ஐந்து பெண்கள். சித்திரை மாதத்திலிருந்தே அவருக்கு வரும் விசாரணைகளுக்கு நான்தான் பதில் போடுகிறேன். இன்றுதான் ஆளை நேரில் பார்த்தேன். கட்டைப்பை நிறைய நைட்டியைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

"பாருங்க, ஜிப் எங்கிருக்குதுன்னே தெரியாது. ஆசுபத்திரியில நாலு பேர் முன்னாடி பச்சைப் பிள்ளைக்குப் பால் குடுத்தாலும் கூச்சப்பட வேண்டாம். நான் மூணு பெத்தவ. அந்தக் கூச்சமெல்லாம் பட்டுத்தான் தைச்சேன்."

சாருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்.

அக்காவின் பிரச்சினை இதுதான். பன்னிரண்டு வருடம் ஒரு வியாபாரிக்குக் கூலிக்குத் தைத்தார். அவர் தன் பெயரை ஒட்டி விற்றார். போன தீபாவளிக்குப் பிறகுதான் சொந்தப் பெயரில் தொடங்கியிருக்கிறார். வியாபாரி விடவில்லை. இந்தத் தீபாவளிக்குத் தைக்க வருவாயா மாட்டாயா என்று ஆடிக்குள் சொல்ல வேண்டுமாம். வருகிறேன் என்றால் ஐந்து மெஷினும் அவருக்கு. சொந்தச் சரக்கு ஒன்றுகூடத் தைக்க முடியாது. வரவில்லை என்றால் அடுத்த வருடமும் கூப்பிட மாட்டார்.

"ஆடிக்குள்ள சைட்டுல முப்பது ஆர்டர் வந்துட்டா தைரியமா முடியாதுன்னு சொல்லிப்போடுவனுங்க. வரலீன்னா, அஞ்சு பொம்பளைங்களை நம்பி கூட்டியாந்திருக்கேன், என்ன பண்ண?"

"கவலைய விடுங்க்கா. ஷெரின் பாத்துக்கும்" என்றார் சார்.

ஷெரின் ஒரு நைட்டியை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்து, "அக்கா, ஜிப் நெஜமாவே தெரியலை!" என்றாள். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு மாதமாக அவருக்காகப் பதில் போட்டவள் பக்கத்தில் நிற்கிறேன். "நீங்கதானா அந்தப் பவா?" என்று கேட்டார், அவ்வளவுதான். பிறகு ஷெரினிடமே பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

கூட்டத்தில் சொல்லப் பார்த்தேன். "சார், அந்த நைட்டிக்கு வர்ற மெசேஜ்ல…" என்று ஆரம்பித்தேன். "ஆமா பவா, பழைய மெசேஜ் எல்லாம் பதில் போட்டாச்சா?" என்றார். போட்டாச்சு சார் என்றேன்.

சொல்ல முயன்றேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 26, வியாழன்

கோமதி அண்ணிக்குப் பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. அண்ணியின் அம்மா வீட்டிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். எல்லோரும் நலம்.

கையில் ஒன்றுமே இல்லை. குழந்தைக்குத் துணி இல்லை, அண்ணிக்கு மாற்று நைட்டி இல்லை. பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கி வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அண்ணியின் அம்மாவும் அதையே சொன்னார். அதனால் ஒன்பது மாதமாக வாங்காததை எல்லாம் ஒரே மத்தியானத்தில் வாங்க வேண்டும். வாங்குவது யார்? பெண்கள் எல்லாம் வார்டுக்குள்ளே. வெளியே வராந்தாவில் பூபதி அண்ணன்.

பாவமாக இருந்தது. செல்போனை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, யாராவது கடந்து போனால் திரையை மார்போடு சாய்த்து மறைத்தான்.

"என்னண்ணா பாக்கறே?"

"அந்த ஜிப்பு வச்ச நைட்டி வேணுங்கறா. திறந்தா ஒரே பொம்பளை படமா வருது. பக்கத்துல ஆள் உக்காந்திருக்கான், என்னை என்ன நினைப்பான்? சைஸ் வேற கேக்குது. எனக்கென்ன தெரியும் அவ சைஸு?"

வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். புதிதாக அப்பாவானவர்கள். எல்லோர் கையிலும் செல்போன். சிக்னல் சரியாக இல்லாததால் எழுந்து எழுந்து வாசல் பக்கம் போய் வந்தார்கள்.

செல்வநாயகி அக்காவுக்கு வரும் செய்திகள் எனக்கு அப்போதுதான் மொத்தமாகப் புரிந்தன. "அண்ணா நைட்டி அவசரம்." "சார் இன்னைக்கே கிடைக்குமா, ஆஸ்பத்திரியில இருக்கோம்." "அண்ணா சைஸ் தெரியல, ஆள் மீடியமா இருப்பாங்க." பத்தில் ஏழு ஆண்கள். நைட்டி விற்பவரும் ஆணாகத்தான் இருப்பார் என்று நினைத்து அண்ணா போடுகிறார்கள்.

அண்ணனுக்கு நானே அக்காவிடம் சொல்லி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 28, சனி

வீட்டுக் கணினியில் ஒரு பக்கம் செய்து பார்த்தேன், சும்மா பழகுவதற்காக. வெள்ளைப் பின்னணி. பெண் படம் கிடையாது. மடித்து வைத்த நைட்டி மட்டும். மேலே பெரிய எழுத்தில்: ‘இன்று சொன்னால் நாளை ஆஸ்பத்திரிக்கே வரும்.’ கீழே: ‘சைஸ் தெரியாதா? உயரம், எடை தோராயமாகச் சொல்லுங்கள்.’ ஒரே ஒரு பொத்தான். படம் குறைவு என்பதால் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கிறது.

யாருக்கும் காட்டுவதற்கு அல்ல.

ஜூலை 1, செவ்வாய்

மத்தியானம் சாப்பிடும்போது ஷெரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மீன் வறுவல் ஒன்றை என் டிபன் மூடியில் வைத்தாள்.

"பவாக்கா, நீங்கதான அந்த வாட்ஸ்அப் பாக்கறீங்க? யாருக்கா அதிகமா கேக்கறாங்க? பொண்ணுங்களே கேக்கறாங்களா, இல்ல வீட்ல வேற யாராச்சுமா?"

நேரடியாகக் கேட்டாள். என்னிடம் இதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"பொம்பளைங்கதான்" என்றேன்.

"மாசமா இருக்கும்போதேவா?"

"ஆமா. அப்பவே எல்லாம் பாத்து வச்சுக்குவாங்க."

பத்தில் மூன்று பேர் பெண்கள்தானே. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அதோடு, ஒரு டிசைனர் என்றால் அவளே செய்திகளைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். கோயம்புத்தூரில் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லையா?

மீனில் உப்பு தூக்கலாக இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

ஷெரின் தன் வடிவமைப்பைக் காட்டினாள். இளரோஜா. அவளுக்குப் பிடிக்காத நிறம்தான், ஆனால் காய்ந்த ரோஜா இதழ் போன்ற ஒரு ரோஜாவைத் தேடிப் பிடித்திருக்கிறாள். மூலைகள் எல்லாம் வளைவு. மேலே ஒரு பெண் வயிற்றில் கை வைத்து ஜன்னலருகே நிற்கிறாள். திரையை நகர்த்த நகர்த்தப் பூக்கள் மெதுவாக விரிகின்றன. அதன் கீழே செல்வநாயகி அக்கா மூன்று பிள்ளை பெற்ற கதை.

சார் கைதட்டினார். கணக்கு பார்க்கும் தங்கவேல் அண்ணன்கூட எழுந்து வந்து பார்த்தார். "சினிமா மாதிரி இருக்குதுங்" என்றார்.

அழகாக இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அசிங்கமாக இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

ஜூலை 5, சனி

தலைக்குக் குளித்தேன். காய்ச்சல் போல இருந்தது, காய்ச்சல் இல்லை.

ஜூலை 14, திங்கள்

சைட் வெளியானது. செல்வநாயகி அக்கா பாதாம் பால் வாங்கிக்கொடுத்தார். ஷெரினின் கன்னத்தைத் தொட்டு, "என்ற கதையப் படிச்சு நானே அழுதுட்டேன் கண்ணு" என்றார்.

என் கன்னத்தை யாரும் தொட்டதாக நினைவில்லை. எனக்கு அது பிடிக்கவும் பிடிக்காது.

ஜூலை 23, புதன்

ஒன்பது நாளில் நான்கு ஆர்டர். விளம்பரத்தைப் பார்த்து நூற்றுக்கணக்கில் வருகிறார்கள், வந்தவுடன் போய்விடுகிறார்கள். சராசரியாக நான்கு நொடி என்று அறிக்கை சொல்கிறது. சைட்டுக்கு வருபவர்களின் விரல் எங்கே தொடுகிறது, எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஷெரின் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூ விரிவதற்குள் ஆள் காணாமல் போகிறார்.

"ஏன் ஓடறாங்க?" என்று தனக்குத் தானே கேட்டாள்.

"ஆடி மாசம். ஆர் என்ன வாங்குவா?" என்றார் சார்.

ஆடியில் பிள்ளை பிறக்காதா என்ன. நான் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் லாரிக்குப் பதில் போட்டேன்.

மனதில் ஒரு குளுமை. எழுதக் கூடாது, ஆனால் இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

செல்வநாயகி அக்கா போன் செய்தார். சார் இல்லை, நான் எடுத்தேன்.

"பவா, எத்தனை ஆச்சு?"

"ஆறுங்க்கா."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. "வியாபாரி தினம் ஒருக்கா ஆள் விடறாரு. பதினெட்டாம் பெருக்குக்கு நேர்ல வர்றேன்னு சொல்லியிருக்காரு. எனக்கு ஒண்ணும் ஓடலை அம்மிணி. அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு, எதாச்சும் பண்ணச் சொல்லு."

அந்தப் பிள்ளை. சரி, சொல்கிறேன் என்றேன். இந்த நேரத்திலும் அவளைத்தான் நம்புகிறார்.

ஜூலை 30, புதன்

சார் எல்லோர் முன்னிலையிலும் ஷெரினைப் பேசிவிட்டார். "பூ காட்டச் சொன்னனா, சரக்கு விக்கச் சொன்னனா?" அட்டையை மாட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஷெரின் அழவில்லை. "நான் யாரு வாங்கறாங்கன்னு சரியா விசாரிக்கலை சார், என் தப்புதான்" என்றாள்.

விசாரித்தாள். என்னிடம். அப்போது அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காட்டினேன். சார் தனியாக இருந்தபோது, வீட்டில் செய்த அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்து வைத்தேன்.

"எப்பப் பண்ணினே?"

"நேத்து ராத்திரி சார்."

அவர் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "ஏம் பவா, இது ஆம்பளைக்குப் பண்ணின மாதிரி இருக்குதே."

ஆஸ்பத்திரி வராந்தாவைச் சொன்னேன். பிள்ளை பிறக்கும் முன் எதுவும் வாங்காத வழக்கத்தைச் சொன்னேன். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. குரல் நடுங்கவே இல்லை. சார் நாற்காலியில் சாய்ந்து, "அட" என்றார். "நானும் ரெண்டு பிள்ளை பொறந்தப்பவும் நைட்டி வாங்கப் போனவன்தான். எனக்குத் தோணலை பாரு."

ஆகஸ்ட் 4, திங்கள்

என் பக்கம் வெளியானது. ஜன்னலோர மேசையும் எனக்கு. ஷெரின் தன் பொருள்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு என் பழைய இடத்துக்கு மாறினாள். "வாழ்த்துக்கள்க்கா. ரொம்பத் தெளிவா இருக்கு" என்றாள். மெய்யாகவே சொன்னாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாலைக்குள் ஐந்து ஆர்டர்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இருபத்தாறு. இன்னும் மூன்றே நாள் போதும், முப்பதைத் தாண்டிவிடும். அம்மாவிடம் சொன்னேன். அப்பா மண்டியிலிருந்து வந்ததும் அவரிடமும் சொன்னேன். "அந்தக் கோயமுத்தூர்ப் பிள்ளைய விட நல்லாப் பண்ணிட்டியா?" என்று கேட்டார். இவ்வளவு நாளாக நான் வீட்டில் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முப்பத்தொன்று. நானே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"முப்பது தாண்டிருச்சுங்க்கா!"

"முப்பதா?" என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமையே வார்த்தை குடுத்துட்டனே அம்மிணி" என்றார்.

பதினெட்டாம் பெருக்கன்று வியாபாரி தட்டில் பழம், வெற்றிலை பாக்கோடு வந்தாராம். அன்று ஆர்டர் ஏழு. ஐந்து பெண்களும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். தட்டை வாங்கிவிட்டார்.

"தட்டை வாங்கிட்டு நாளைக்கு முடியாதுன்னு சொல்ல முடியுமா? வந்ததை மட்டும் ராத்திரி உக்காந்து தைச்சுக் குடுத்தர்றேன். அதுக்கு மேல நிறுத்தச் சொல்லிருங்க."

ஞாயிறு. என் பக்கம் வெளியானது திங்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஷெரின் ஆபீஸ் செல்போனில் செல்வநாயகி அக்காவுக்கு வந்த பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே, ஆறடி தூரத்தில். நான் வேலை செய்வதுபோல ஒரே சதுரத்தின் நிறத்தை முப்பது முறை மாற்றினேன்.

மதியம் வந்தாள். மூடியில் எதுவும் வைக்கவில்லை.

"ஏப்ரல்லேர்ந்து எல்லாம் ‘அண்ணா, அண்ணா’ன்னுதான் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நீங்கதான் பதில் போட்டிருக்கீங்க."

"ம்."

"நான் கேட்டப்ப பொம்பளைங்கன்னு சொன்னீங்க."

"மறந்துட்டேன்" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாரிடம் சொல்வாள் என்று மாலை வரை காத்திருந்தேன். சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

அரை நாள் லீவு போட்டுச் சூரம்பட்டிக்குப் போனேன். ஷெட்டில் ஐந்து மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் வியாபாரியின் துணி.

அக்கா தைத்துக்கொண்டே, "வா பவா, டீ குடிக்கறியா?" என்றார்.

நின்றுகொண்டே சொன்னேன். ஜூன் மாதமே தெரியும். ஷெரின் கேட்டாள். மாற்றிச் சொன்னேன். பக்கத்தைக்கூட ஜூன் மாதமே செய்து வைத்திருந்தேன்.

மெஷின் நின்றது. மற்ற நான்கும் ஒவ்வொன்றாக நின்றன.

"எதுக்கு?"

"அவ மேல…" என்றேன்.

"அந்தப் பிள்ளை மேல உனக்கு ஆயிரம் இருக்கட்டும்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நடுவுல நாங்க எங்க வந்தோம்?"

அதற்கு நான் பதில் தேடினேன். இரண்டு மாதக் குறிப்புகளையும் இப்போது புரட்டிப் பார்த்துவிட்டேன். அக்காவின் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் ஷெரின்தான் இருக்கிறாள்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண், "போகச் சொல்லுங்க்கா, நேரமாகுது" என்றாள். மெஷின்கள் ஓடத் தொடங்கின. டீ வரவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாரிடம் சொன்னேன். ஷெரினும் அங்கே இருக்கும்போது, அவள் கேட்கும்படி. சார் நெற்றியைத் தேய்த்தார். "முடிஞ்சு போனதை இப்ப எதுக்குக் கிளறறே பவா? பக்கம் நல்லாத்தான் ஓடிச்சு. அடுத்த சைட்டைப் பாரு" என்றார். மேசை எனக்கே என்றும் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. இதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஷெரின் என்னைப் பார்க்கவில்லை. அவள் ஒருவருடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஸ்டாக் இல்லீங்கண்ணா, தீபாவளிக்கு அப்புறம்தான். நீங்க எந்த ஆஸ்பத்திரி? அப்ப கீழ இறங்கி வலது பக்கம் ரெண்டாவது கடை, கூச்சப்படாம ‘ஃபீடிங் நைட்டி’ன்னு கேளுங்க. எக்ஸ்எல் வாங்குங்க, லூசா இருந்தா தப்பில்லை. பாப்பாவா, தம்பியா?" அந்தப் பக்கம் அந்த ஆள் சிரிப்பது எனக்கே கேட்டது.

ஒன்றரை வருடம் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். பாப்பாவா, தம்பியா என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஆடி முடிகிறது. செல்வநாயகி அக்காவின் பக்கத்திலிருந்து பொத்தானை இன்றுதான் எடுத்தேன். அந்த இடத்தில் ‘தீபாவளிக்குப் பிறகு வருகிறோம்’ என்று கறுப்பில் எழுதினேன். போன வாரமே விளம்பரம் நின்றுவிட்டாலும், ஏற்கெனவே பார்த்துச் சேமித்து வைத்தவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

மாலையில் பதிவுகளை ஓட்டிப் பார்த்தேன். 3.12க்கு ஒருவர் வந்திருக்கிறார். சிக்னல் விட்டு விட்டு வருகிற இடம். நான்கு நொடியில் போகவில்லை. எழுத்தைப் படித்திருக்கிறார், கீழே போயிருக்கிறார், மறுபடி மேலே வந்திருக்கிறார். பிறகு பொத்தான் இருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தியிருக்கிறார். சற்று நின்று மறுபடி. ஏழு முறை.